வார்டுக்குள் யாருக்கு முன்னுரிமை: ஒழுங்கான வைஃபையா, தனியார் 5ஜியா?

நர்ஸ் தள்ளிக்கொண்டு போகும் வண்டிக் கணினியில் ஹெச்ஐஎஸ் (மருத்துவமனைத் தகவல் மென்பொருள்) திரை, டாக்டர் கையில் வைஃபை போன், படுக்கையோரம் மானிட்டரும் இன்ஃபியூஷன் பம்பும், நடுவே உருண்டு வரும் போர்ட்டபிள் எக்ஸ்ரே. எல்லாம் ஒரே காற்றைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. நெட்வொர்க்கைப் புதுப்பிக்கும் நேரத்தில் கேள்வி இரண்டில் ஒன்றாக வந்து நிற்கும்: இருக்கிற வைஃபையிலேயே முன்னுரிமையை ஒழுங்காக அமைப்பதா, தனியார் 5ஜி, அதாவது வளாகத்துக்கென்றே ஒரு 5ஜி நெட்வொர்க், போடுவதா? நாங்கள் வைஃபை பக்கம் நின்றோம். விலை ஒரு காரணம்தான், முக்கியக் காரணம் வேறு.

மூன்றாவதாக ஒரு யோசனையும் கூட்டத்தில் தவறாமல் எழும்: மருத்துவக் கருவிகளுக்கென்று தனியாக இன்னொரு வரிசை ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை தரும் பெட்டி). இதை உடனே ஒதுக்கிவிடலாம். கேபிளும் சுவிட்சும் தனியானாலும் சேனல் தனியாகாது. ஒரே கூரையில் இரண்டு மடங்கு ரேடியோ வந்தால் குறுக்கீடுதான் கூடும். அலைவரிசையே தனியாக இருந்தால் கதை வேறு. 1998-இல் டல்லாஸில் டிஜிட்டல் டிவி சோதனை ஒளிபரப்பு பேய்லர் மருத்துவமனையின் டெலிமெட்ரியை (நோயாளி அளவீடுகளைக் கம்பியின்றி அனுப்பும் அமைப்பை) முடக்கியது. அதன் பிறகு 2000-இல் அமெரிக்கா 608–614 மெகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில துண்டுகளை நோயாளி டெலிமெட்ரிக்கென்று ஒதுக்கியது. ஆனால் அது இசிஜி போன்ற அளவீடுகளுக்கானது. ஹெச்ஐஎஸ் திரையோ குரலோ அதில் ஓடாது.

முதலில் தேவையைப் பார்ப்போம். ஜி.711 என்ற வழக்கமான முறையில் குரல் அழைப்பு நொடிக்கு 50 பாக்கெட், ஐபி தலைப்புகளோடு ஒரு திசைக்கு 80 கிலோபிட். 12 லீட் இசிஜியை 500 ஹெர்ட்ஸில் 16 பிட்டாக அனுப்பினால் 96 கிலோபிட். இரண்டும் அற்பம். ஆனால் தாமதம் பொறுக்காதவை. குரலுக்கு ஒரு திசையில் 150 மில்லிசெகண்டைத் தாண்டாமல் இருப்பது நல்லது. எக்ஸ்ரே படம் இதற்கு நேரெதிர். ஒரே படம் பத்து இருபது மெகாபைட்டைத் தொடும், அரை நொடி பிந்தினாலும் யாருக்கும் தெரியாது. ஹெச்ஐஎஸ் இடையில் நிற்கிறது. பிரவுசரில் ஓடும் ஹெச்ஐஎஸ் தாங்கிக்கொள்ளும். ரிமோட் டெஸ்க்டாப்பில் ஓடினால் ஒவ்வொரு கீ அழுத்தமும் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும், இழுவை உடனே தெரியும். ஆக வார்டில் பேண்ட்வித் பெரும்பாலும் பற்றாக்குறை அல்ல. வரிசை ஒழுங்குதான் பிரச்சினை.

அந்த ஒழுங்கில், தாளில் பார்த்தால் தனியார் 5ஜிதான் மேல். யார் எப்போது பேசலாம் என்பதை அடிநிலையம் (பேஸ் ஸ்டேஷன்) தீர்மானிக்கிறது, கருவியிலிருந்து மேலேறும் திசையிலும்கூட. குரலுக்கான 5கியூஐ 1 என்ற சேவை வகைக்கு 100 மில்லிசெகண்ட் தாமத வரம்பு தரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. வைஃபையில் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு கருவியும் காது கொடுத்துக் கேட்டு, காற்று சும்மா இருந்தால் பேசும். முன்னுரிமை என்பது சீக்கிரம் பேசும் வாய்ப்பு மட்டும், உத்தரவாதம் அல்ல. சிம் வழி அடையாளம், பரந்த வளாகத்தில் தடையற்ற நகர்வு இவையும் 5ஜியின் பலங்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம், தனித்தனி பிளாக்குகளுக்கு நடுவிலுள்ள திறந்தவெளி போன்ற இடங்களில் நானும் அதைத்தான் சொல்வேன். இந்தியாவில் தனியார் நெட்வொர்க்குக்கான வழிகாட்டுதல்கள் 2022 ஜூனில் வந்தன. டெலிகாம் நிறுவனம் மூலமாகப் போவதே நடைமுறையில் எளிய வழி. இதைப் பல வருடம் இயக்கிப் பழகிய அனுபவம் எனக்கு இல்லை. அதனால் அதன் பராமரிப்புச் செலவைப் பற்றி அடித்துப் பேச மாட்டேன்.

தேர்வைத் தீர்மானித்தது கருவிக்குள் இருக்கும் ரேடியோ. பம்ப், மானிட்டர், வென்டிலேட்டர் இவற்றை மருத்துவமனைகள் பத்து வருடம் வரை ஓட்டுகின்றன. வார்டில் இருப்பவற்றில் சிம் போடும் இடம் அநேகமாக எதிலும் இல்லை, வைஃபைதான் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற மருத்துவக் கருவியைத் திறந்து மோடம் பொருத்தவும் முடியாது. அப்படியானால் 5ஜி கேட்வே வைத்து, அதிலிருந்து வைஃபையாகக் கொடுக்க வேண்டும். அந்தக் கடைசி பத்து மீட்டரில் மறுபடியும் பழைய போட்டிதான். அடிநிலையம் தந்த உத்தரவாதம் கேட்வேயோடு நின்றுவிடும். வார்டில் ஒரு வைஃபை எப்படியும் இருக்கப் போகிறது, அதைச் சரிசெய்யும் வேலையும் எப்படியும் இருக்கப் போகிறது.

அந்த வேலையைத் தட்டிக்கழிப்பதால்தான் வைஃபைக்குக் கெட்ட பெயர். 802.11ஈ தரத்திலிருந்து வந்த டபிள்யூஎம்எம் என்ற வைஃபை முன்னுரிமை முறை நான்கு வரிசைகள் தருகிறது: குரல், வீடியோ, சாதாரணம், பின்னணி. 5 கிகாஹெர்ட்ஸில் குரல் வரிசை 34 மைக்ரோசெகண்ட் காத்திருந்து, பிறகு 0 முதல் 3 வரை ஒரு எண்ணைக் குலுக்கி அத்தனை இடைவெளி பொறுக்கும். சாதாரண வரிசை 43 மைக்ரோசெகண்ட் காத்து, 0 முதல் 15 வரை குலுக்கும். வித்தியாசம் சிறிதாகத் தோன்றினாலும் நெரிசலில் குரல்தான் பெரும்பாலும் முந்தும். இதனால் 'எங்கள் கருவி உயிர் காக்கும் கருவி, குரல் வரிசையில் போடுங்கள்' என்று ஒவ்வொரு விற்பனையாளரும் கேட்பார்கள். கொடுக்கக் கூடாது. குலுக்க நாலே எண்தான் இருக்கிறது. இருபது கருவிகள் அதில் நுழைந்தால் ஒன்றோடொன்று மோதியே காற்று வீணாகும்.

எந்த வரிசை என்பதை பாக்கெட்டின் தலைப்பிலுள்ள ஆறு பிட் முன்னுரிமைக் குறியான டிஎஸ்சிபி எண் சொல்கிறது, அது வழியில் கெடும் இடங்கள் பல. குரலுக்கு வழக்கமான குறி ஈஎஃப், அதாவது 46. பல கருவிகள் இந்த ஆறு பிட்டில் முதல் மூன்றை மட்டும் எடுத்து வைஃபை முன்னுரிமையாக்கும். 46-இன் முதல் மூன்று பிட் 5. அது வீடியோ வரிசை. அழைப்பு குரல் வரிசையில் போகிறது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். 2018-இல் வந்த ஆர்எஃப்சி 8325 என்ற இணையத் தர ஆவணம் ஈஎஃப்-ஐ குரல் வரிசைக்குரிய 6-ஆக மாற்றச் சொல்கிறது. ஆக்சஸ் பாயின்ட்டுகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரில் இந்த மாற்று அட்டவணையைக் கையால் போட வேண்டியிருக்கலாம், அதுவும் கீழிறங்கும் திசைக்கு மட்டுமே உதவும். மேலேறும் திசையில் முடிவு கருவியுடையது. விண்டோஸ் வண்டிக் கணினியில் சாஃப்ட்போன் (அழைப்பு மென்பொருள்) இருந்தால், கணினிகளை மையமாக நிர்வகிக்கும் குரூப் பாலிசியில் கியூஓஎஸ் (முன்னுரிமை) விதி எழுதாதவரை குறி 0-வாகவே போக வாய்ப்பு அதிகம். அந்த விதியும் கணினி தான் இருப்பது நிறுவனத்தின் டொமைன் நெட்வொர்க் என்று அடையாளம் கண்டால்தான் இயல்பாக வேலை செய்யும்.

அடுத்த ஓட்டை சுவிட்ச். சில பழைய வரிசைகளில் கியூஓஎஸ்-ஐ இயக்கியதுமே எல்லா போர்ட்டும் நம்பத்தகாததாகி, வரும் குறியை எல்லாம் 0 ஆக்கிவிடும். முன்னுரிமை வேண்டும் என்று இயக்கியதே முன்னுரிமையை அழிக்கும். ஆக்சஸ் பாயின்ட் போர்ட், அப்லிங்க், சர்வர் பக்கம், ஃபயர்வால் என்று ஒவ்வொன்றிலும் டிஎஸ்சிபி-யை நம்பும்படி வைக்க வேண்டும். சரிபார்க்க ஒரே வழி காற்றிலேயே பிடித்துப் பார்ப்பது: மானிட்டர் மோடில் வயர்ஷார்க் (பாக்கெட்டைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்), அழைப்பு ஓடும்போது இரண்டு திசையிலும் கியூஓஎஸ் புலத்தில் டிஐடி (வைஃபை முன்னுரிமை எண்) 6 வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திசையில் 6, மறு திசையில் 0 என்றால் 'அவருக்கு நான் பேசுவது விட்டுவிட்டுக் கேட்கிறது' என்ற புகார் ஏன் ஒருபக்கமாகவே வருகிறது என்று விளங்கும்.

எக்ஸ்ரே படத்தைப் பின்னணி வரிசையில் தள்ளலாமா? படத்துக்காக ஐசியூவில் டாக்டர் நின்றுகொண்டிருப்பார். சாதாரண வரிசையிலேயே விடுங்கள். பின்னணிக்கு விண்டோஸ் அப்டேட், பேக்கப், விருந்தினர் வைஃபை போதும்.

குறி சரியானாலும் ஏர்டைம் (காற்றில் அனுப்பக் கிடைக்கும் நேரம்) வீணானால் பயனில்லை. 1500 பைட்டை 1 மெகாபிட் வேகத்தில் அனுப்ப 12 மில்லிசெகண்ட் போகும். 54-இல் கால் மில்லிசெகண்டுக்குள் முடியும். அதனால் 1, 2, 5.5, 11 வேகங்களை அணைத்து, குறைந்தபட்சத்தை 12 ஆக்க வேண்டும். அதற்கு முன் பழைய பம்புகள் எதையாவது இது வெளியே தள்ளுமா என்று பாருங்கள். எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். வார்டில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும். குரலுக்கு 36–48, 149–165 என்ற 9 சேனல்களே நிம்மதி. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் ராடார் கண்டால் ஆக்சஸ் பாயின்ட் சேனலை விட்டு ஓடும். போனும் அங்கே பீக்கனுக்கு (ஆக்சஸ் பாயின்ட் அவ்வப்போது விடும் அறிவிப்புக்கு) காத்துத்தான் அடுத்த ஆக்சஸ் பாயின்ட்டைக் கண்டுபிடிக்கும். படுக்கையருகே சிக்னல் -67 டிபிஎம், இரைச்சலுக்கு மேல் 25 டிபி இருக்கட்டும். ஈயத் தகடு அடித்த எக்ஸ்ரே அறைக்கு உள்ளேயே ஒரு ஆக்சஸ் பாயின்ட் வேண்டும். தாழ்வாரத்திலிருந்து எட்டும் என்ற கணக்கு பலிக்காது.

நடந்துகொண்டே பேசுவதற்கு, ஆக்சஸ் பாயின்ட் மாறும்போது சீக்கிரம் இணைக்கும் 802.11ஆர் தரம் உதவும், முழு 802.1எக்ஸ் அடையாளச் சரிபார்ப்பு பல நூறு மில்லிசெகண்ட் எடுக்கும் இடத்தில் இது 50-க்குள் முடிக்கும். சில பழைய கருவிகள் 802.11ஆர் இயங்கும் எஸ்எஸ்ஐடியில் சேரவே மறுக்கும், அவற்றுக்கு ஒரு எஸ்எஸ்ஐடியைத் தனியாக விடுங்கள்.

அடுத்த கொள்முதல் டெண்டரில் கருவியின் விலைப் பக்கத்துக்கு முன்பே ரேடியோ பக்கத்தைக் கேளுங்கள்: 5 கிகாஹெர்ட்ஸ் உண்டா, டபிள்யூஎம்எம் சான்று உண்டா, மேலேறும் பாக்கெட்டில் எந்த டிஎஸ்சிபி போடுகிறது, 802.11ஆர் பொறுக்குமா, வைஃபையில் சேர அடையாளம் காட்டும் ஈஏபி-டிஎல்எஸ் சான்றிதழ் காலாவதியானால் நெட்வொர்க் வழியே புதுப்பிக்கலாமா, இல்லை ஒவ்வொரு பம்பாகப் பயோமெடிக்கல் ஆள் யூஎஸ்பியோடு போக வேண்டுமா? வரும் கருவிகளில் பாதிக்கு மேல் சிம் மாடியூலோடு வரத் தொடங்கினால், 5ஜி கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கலாம்.