பேச்சு நின்றபின் இன்னொரு செய்தி: கும்பகோணத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

டேட்டிங் செயலிகளைப் பற்றிப் பெருநகரத்துக்காரர்கள் சொல்லும் யோசனைகள் டெல்டாவுக்குப் பாதிதான் பொருந்தும். கும்பகோணத்தில் இருந்துகொண்டு தொலைவை 50 கிலோமீட்டர் என்று வைத்தால் தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர், மன்னார்குடி எல்லாம் அடங்கிவிடும். ஆனாலும் சாதாரண நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் முகங்கள் தேறும். பொங்கலும் தீபாவளியும் வந்தால் திடீரென்று கூட்டம். சென்னை, ஓசூர், பெங்களூர் என்று வேலைக்குப் போனவர்கள் ஊருக்கு வந்திருப்பார்கள். விடுமுறை முழுக்க விறுவிறுவென்று பேசுவார்கள். காணும் பொங்கல் இரவு பஸ் ஏறியதோடு சரி.

இங்கே பாதிப் பேச்சுகள் நிற்பதற்குக் காரணம் அந்த பஸ்தான் என்பது சில வருடங்களாக இந்தச் செயலிகளில் கிடக்கும் என் கணிப்பு. அதனால், பேச்சு நின்றுபோனவருக்கு மறுபடி எழுதலாமா என்று கேட்டால், தாராளமாக எழுதலாம் என்பேன். ஒரே ஒரு முறை.

எதை எழுதுவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். வெறும் ‘ஹாய்’ அனுப்பினால், பேச்சை இழுத்துச் செல்லும் வேலை முழுவதும் எதிராளியின் தலையில் விழுகிறது. ‘என்னை மறந்துவிட்டீர்களா?’ என்பது அதைவிட மோசம். ஒரு வாரம் பேசிய ஆளிடம் கணக்குக் கேட்க நமக்கு என்ன உரிமை? பண்டிகை வாழ்த்துப் படம் இன்னொரு வகை. அதற்குப் பதில் கட்டாயம் வரும். கரும்பும் பானையும் போட்ட வேறொரு படம் வரும். மொய்க்கு மொய் எழுதியாகிவிட்டது, இனி அடுத்த விசேஷத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் போய்விடுவோம்.

எனக்குப் பலன் தந்த ஒன்றைச் சொல்கிறேன். 2025 பொங்கல் விடுமுறையில் மன்னார்குடிக்காரர் ஒருவரிடம் பேசினேன். ஓசூரில் வேலை. 2024-இல் மேட்டூர் அணையை ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள் என்பதால் அப்பா குறுவை நெல்லே வைக்கவில்லை என்று நீளமாகப் புலம்பினார். விவசாயம் பேசும் ஆண்கள் எனக்குச் சலிப்புத் தருபவர்கள். இவர் சிரிக்கவும் வைத்தார். எண்களையும் பரிமாறிக்கொண்டோம். பிப்ரவரியில் பேச்சு அப்படியே அடங்கிவிட்டது.

அந்த வருடம் ஜூன் 12-ஆம் தேதி முறைப்படி மேட்டூர் திறந்தது, 15-ஆம் தேதி கல்லணை. அரசலாற்றில் தண்ணீர் வந்த அன்று பாலத்தில் வண்டியை நிறுத்தி ஒரு படம் எடுத்தேன். முன்னால் நுரையும் சருகும், பின்னால் கலங்கலான தண்ணீர். ‘எங்கள் பக்கம் வந்துவிட்டது. பாமணியாற்றுக்கு வந்ததா? அப்பா இந்த முறை குறுவை வைக்கிறாரா?’ என்று மட்டும் எழுதினேன். நான்கு மாத இடைவெளியைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுநாள் காலையில் அவர் அப்பா நாற்றங்காலில் நிற்கும் படம் வந்தது. கூடவே, வேலை மாறிய அலைச்சலில் யாரிடமும் பேசவில்லை என்று அவரே விளக்கமும் கொடுத்தார். கேட்டிருந்தால் இந்த விளக்கம் வந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். பிறகு தஞ்சாவூரில் இரண்டொரு முறை சந்தித்தோம். கல்யாணம் வரை போகவில்லை. அது வேறு கதை.

நான் அனுப்பிய அந்தச் செய்தியில் அவர் முன்பு சொன்ன ஒன்று இருந்தது. ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்கலாம். சொல்லாமல் விட்டாலும் அவருக்குச் சங்கடம் இல்லை. ‘இந்த ஞாயிற்றுக்கிழமை சந்திக்கலாமா?’ என்று அங்கேயே எடுத்த எடுப்பில் கேட்டிருந்தால் இந்தச் சௌகரியம் போயிருக்கும்.

பெறுகிற பக்கத்திலும் அனுபவம் உண்டு. நான் பதில் எழுதாமல் விட்ட ஒருவர் வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தார், இன்ஸ்டாகிராமில் எழுதிப் பார்த்தார், கடைசியில் யுபிஐ வழியே ஒரு ரூபாய் அனுப்பிக் குறிப்பில் ‘ஏன் பேசவில்லை?’ என்று கேட்டார். ரூபாயைத் திருப்பி அனுப்பிவிட்டு எண்ணைத் தடுத்தேன். இந்த வட்டாரத்தில் இப்படிச் செய்கிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அவர் சித்தி மகளும் என் தோழியும் ஒரே கல்லூரியில் படித்திருப்பார்கள். ஸ்கிரீன்ஷாட் மாலைக்குள் பாபநாசம் தாண்டிவிடும்.

வாட்ஸ்அப்பில் டிக் பார்த்துச் சோதிடம் சொல்வதை நான் விட்டுவிட்டேன். ஒற்றை டிக் என்றால் போன் அணைந்திருக்கலாம், நெட் இல்லாதிருக்கலாம், நம்மைத் தடுத்தும் இருக்கலாம். இரண்டு டிக் நீலமாகவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. படித்ததைக் காட்டும் வசதியை அவர் நிறுத்தி வைத்திருக்கலாம். அனுப்பியதை அவசரப்பட்டு அழித்தாலும் ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்ற வரி அங்கேயே நிற்கும். அது செய்தியைவிட அதிகம் உளறும்.

பம்பிள் செயலியில் முதல் செய்திக்கு 24 மணி நேரக் கெடு உண்டு. பேச்சு தொடங்கியபின் விழும் மௌனத்துக்கு அப்படிக் கெடு எதுவும் இல்லாததால் நாமே ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பேச்சு நின்று இரண்டு வாரம் ஆகும் முன் நான் எழுதுவதில்லை. அறுவடை, தேர்வு, வீட்டில் நோயாளி என்று ஏதாவது இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும்.

பதிலாக ‘ம்’ மட்டும் வந்தால் அந்த உரையாடலை ஆர்க்கைவில் போட்டுவிடுகிறேன். அழிப்பதில்லை, தடுப்பதுமில்லை. புதிதாகச் செய்தி வந்தாலும் அது பட்டியலின் மேலே ஏறி வராது. நேரம் கிடைக்கும்போது நானாகப் போய்ப் பார்த்தால் போதும்.