செகண்ட் லைன் பீச்சில் ஓர் அத்தோ வண்டி

பாரிமுனை செகண்ட் லைன் பீச் சாலையில் மாலை வேளைகளில் நிற்கும் அத்தோ தள்ளுவண்டிகளுள் ஒன்றில், கடந்த இரண்டு மாதங்களில் நான்கு முறை சாப்பிட்ட பிறகு இதை எழுதுகிறேன். அந்த வண்டிக்குப் பெயர்ப்பலகை இல்லை. பர்மாவின் ரங்கூனில் பிறந்த எழுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவரும் அவருடைய மகனும் அதை நடத்துகிறார்கள்.

பர்மிய மொழியில் கலந்து பிசைந்த உணவை ‘அதோக்’ என்பார்கள். அதுவே நம் ஊரில் அத்தோ ஆயிற்று. பெரியவர் கரண்டியைத் தொடுவதே இல்லை. நூடுல்ஸோடு மெல்லியதாக அரிந்த முட்டைக்கோஸ், சிவக்க வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் ஆகியவற்றைச் சேர்த்துக் கையாலேயே பிசைந்து, கடைசியில் பேஜோ என்னும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவுகிறார். முதலில் புளிப்பும், அதன் பின்னால் பூண்டின் மணமும் எழுகின்றன. பேஜோ ஊறிப்போவதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் பொட்டலம் வாங்கிச் செல்ல நான் பரிந்துரைக்க மாட்டேன். மிளகு காரத்துடன் கூடிய வாழைத்தண்டு சூப்பைக் கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயமும் புளித்தண்ணீரும் நிரப்பித் தரும் மசாலா முட்டை, இந்த வரிசையில் நான் சாப்பிட்டவற்றுள் சிறந்தது. குறை என்றால், தட்டுகளை ஒரே வாளித் தண்ணீரில் அலசுவதைச் சொல்ல வேண்டும். வாழை இலைத் துண்டு கேட்டால் தருகிறார்கள்.

மூன்றாவது முறை சென்றபோது, ரங்கூனில் எந்தப் பகுதி என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்தவர் என்றாலும், துறைமுகக் கூலியாக இருந்த தந்தையின் கதையிலிருந்தே தொடங்கினார். “எங்க அப்பா டவுங்கப் மலைய நடந்தே தாண்டுனாரு தம்பி. தண்ணி கெடைக்காம, காலரா வந்து, வழியிலயே எத்தனையோ பேரு போயிட்டாங்க” என்றார். டவுங்கப், போரின்போது தப்பியவர்கள் பர்மாவின் மேற்குக் கடற்கரைக்குச் சென்ற மலைப்பாதை.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. துறைமுகம் இயங்க ஆள் வேண்டும் என்பதற்காக, தப்பியோடிய இந்தியத் தொழிலாளர்களை நகருக்குத் திரும்பச் செய்ய பிரிட்டிஷ் அரசு முயன்றது. 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர்கள் பர்மாவை விட்டு வெளியேறினர். பல்லாயிரம் பேர் மலைப்பாதைகளிலேயே மாண்டனர். பர்மாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டார்மன் ஸ்மித்தோ மே மாதத் தொடக்கத்தில் வட பர்மாவின் மிச்சினாவிலிருந்து விமானம் ஏறினார். பிறகு சிம்லாவில் அமர்ந்து, தன் கையில் இல்லாத நாட்டுக்கு அரசு நடத்தினார். அதே மிச்சினா விமானத் தளத்தில் காத்திருந்தவர்கள் ஜப்பானியத் தாக்குதலுக்கு ஆளாயினர். எஞ்சியவர்கள் மழைக்காலச் சேற்றில் ஹுகாங் பள்ளத்தாக்கு வழியே இந்திய எல்லையை நோக்கி நடந்தனர். ஆளுநர் மேலிடத்து உத்தரவுப்படியே புறப்பட்டார் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், கூலிக்காரனை வேலையிடத்துக்குத் திருப்பி அனுப்பப் பார்த்த அரசு, தன் தலைவருக்கு மட்டும் விமானம் தேடிக்கொண்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

2021 ஆகஸ்ட் 15 அன்று ஆப்கானிஸ்தான் அதிபர் அஷ்ரப் கனி காபூலை விட்டு வெளியேறியதையும், விமான நிலையத்தில் மக்கள் முண்டியடித்ததையும் தொலைக்காட்சியில் பார்த்த இரவு, தமக்குத் தந்தையின் நினைவாகவே இருந்தது என்று பெரியவர் சொன்னார்.

போர் முடிந்து குடும்பம் ரங்கூனுக்குத் திரும்பியது. பெரியவர் அங்கேதான் பிறந்தார். பர்மாவில் ராணுவத் தளபதி நே வின்னின் ஆட்சி கடைகளை நாட்டுடைமையாக்கி, 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகளையும் செல்லாதவை என்று அறிவித்தபோது அவருக்கு வயது பதினான்கு. அந்த ஆண்டே குடும்பம் கப்பலேறிச் சென்னைக்கு வந்தது. இந்தப் பிசையும் கைப்பக்குவம் அவருடைய தாயாரிடமிருந்து வந்தது. தாயார் அளந்த அதே சிறிய பித்தளைக் குவளையில்தான் இன்றும் புளிக்கரைசலை அளக்கிறார்.

ஒரு தட்டு அத்தோ 90 ரூபாய், மசாலா முட்டை 20 ரூபாய். மாலை ஆறு மணிக்கு அடுப்பு பற்றவைக்கிறார்கள். எட்டரை மணிக்குள் சூப் தீர்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வருவதில்லை.