காத்தாடியா, சோலாரா, மோட்டாரா: விவசாய பூமியில் மானியம் எதற்கு?

ஆனி மாதத்தில் தாராபுரம் பக்கம் போனால், ஒரே சாலையின் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக மின்சாரம் விளைவதைப் பார்க்கலாம். ஒரு பக்கம் கொரங்காடு, அதாவது ஆடு மாடு மேய விட்டிருக்கும் மானாவாரிக் காடு. கிளுவை வேலிக்குள்ளே வெள்வேல மரங்கள், கொழுக்கட்டைப் புல், நடுவில் ஒரு காத்தாடி, அதாவது காற்றாலை. காலை வெயிலில் கோபுரத்தின் நிழல் நகர நகர வெள்ளாடுகளும் கூடவே நகர்ந்து படுக்கின்றன. மறு பக்கம் கம்பி வேலி, கேட்டில் ஒரு காவலாளி, உள்ளே வரிசை வரிசையாக சோலார் பேனல். அங்கே மரம் கிடையாது. நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும் என்பதால் முதல் வேலையாக வெட்டியிருப்பார்கள்.

இரண்டுமே விவசாய பூமிதான். இரண்டும் ஏதோ ஒரு வகையில் அரசின் கைத்தாங்கலில் வளர்ந்தவைதான். மூன்றாவதாக, விவசாயியின் சொந்த மோட்டாருக்கான சோலார் மானியமும் இருக்கிறது. மூன்றில் எதற்குக் கொடுப்பது நியாயம்?

காத்தாடிக்குக் கிடைத்தது நேரடி மானியமாக இல்லை, வருமான வரிச் சலுகையாக வந்தது. 1990-களில், இயந்திரத்தின் விலை முழுவதையும் முதல் வருடமே தேய்மானம் என்று வரி கட்ட வேண்டிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம் என்று இருந்தது. பிறகு அது 80 சதவீதம் ஆனது. முப்பந்தலிலும் பல்லடம், உடுமலைப் பக்கமும் நூற்பாலை முதலாளிகள் காத்தாடி நட்டதில் இந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. வரிக் கணக்கு வருடம் முடியும் மார்ச் 31-க்குள் நட்டுவிட வேண்டும், அப்புறம் அது எவ்வளவு சுற்றுகிறது என்பது வேறு கதை. 2012 ஏப்ரலில் அந்த 80 சதவீதத்தை நிறுத்தியதும் தமிழ்நாட்டில் புதிய காத்தாடிகள் சட்டென்று குறைந்துபோயின. 2014-ல் திரும்ப வந்தது, 2017-ல் 40 ஆகக் குறைந்தது. இதைவிட உருப்படியான முறை 2009 கடைசியில் வந்த, யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை. ஓடினால்தான் காசு. அதையும் 2017 மார்ச்சோடு முடித்துவிட்டார்கள்.

நிலத்தைப் பொறுத்தவரை காத்தாடி சாது. அடித்தளம், டிரான்ஸ்பார்மர், கிரேன் வந்துபோகும் பாதை போக மீதியில் சோளம் விதைக்கலாம், ஆடு விடலாம். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பல ஊர்களில் அந்தத் துண்டு நிலத்தைக் கிரயமாகவே வாங்கிவிட்டார்கள். காற்றடிக்கும் வைகாசி முதல் ஆவணி வரை ஓடி வரும் வருமானத்தில் பக்கத்துக் காட்டுக்காரருக்கு ஒரு பைசா கிடையாது.

சோலார் பூங்கா இதற்கு நேர்மாறு. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு, ஐந்து ஏக்கர் வேண்டும், அதுவும் மொத்தமாக. 2016-ல் திறந்த கமுதி நிலையம் 648 மெகாவாட். சுமார் 2,500 ஏக்கர். அதற்கு மின்வாரியம் ஒப்புக்கொண்ட விலை யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 பைசா. அடுத்த வருடமே ராஜஸ்தான் பட்லாவில், குறைந்த விலை கேட்பவருக்கே ஒப்பந்தம் என்ற ஏலத்தில் விலை 2 ரூபாய் 44 பைசாவுக்கு இறங்கியது. இந்த விலைக்கு ஏலம் எடுக்க ஆள் இருக்கும்போது மானியம் எதற்கு என்பது என் கேள்வி. காற்றாலை ஏலமும் அதே 2017-ல் 3 ரூபாய் 46 பைசாவைத் தொட்டுவிட்டது. அதற்கும் இதே கேள்விதான்.

சரி, மோட்டாருக்கு வருவோம். விவசாயிகளுக்கான ஒன்றிய அரசின் சோலார் திட்டமான பி.எம். குசும் 2019-ல் வந்தது. அதில் மூன்று கிளைகள்.

முதல் கிளையில் விவசாயி தன் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைத்து விற்கலாம். பயிர் செய்யும் நிலம் என்றால் உயரமான கால்கள் மேல் பேனல் வைத்து, கீழே வெள்ளாமை தொடர வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கோடிக்கணக்கில் முதல் போட வேண்டும். யூனிட்டுக்கு 40 பைசா ஊக்கத்தொகையோ மின் விநியோக நிறுவனத்துக்குப் போகிறது!

இரண்டாவது, மின் இணைப்பு இல்லாத இடத்துக்கு சோலார் பம்ப். ஒன்றிய அரசு 30, மாநிலம் 30 சதவீதம். மத்திய உதவி 7.5 குதிரைத்திறன் வரைக்கும்தான் கணக்கு. ஆயிரம் அடி போரில் கம்ப்ரசர் வைத்து ஊதி எடுக்கும் கொங்குத் தோட்டத்துக்கு இது எட்டாது. தண்ணீர் மேலே இருக்கும் டெல்டாவில் நன்றாக ஓடும். ஆனால் வெயில் இருக்கும்வரை ஓட்டினாலும் செலவு ஒன்றும் இல்லை என்பதால் நிறுத்தவும் காரணம் இல்லை. நிலத்தடி நீருக்கு நல்லதல்ல.

மூன்றாவது கிளைக்குத்தான் என் ஓட்டு. ஏற்கெனவே இணைப்பு உள்ள மோட்டாருக்குப் பேனல் போட்டு, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு விற்பது. குஜராத்தின் துண்டி கிராமத்தில் 2016-ல் ஆறு விவசாயிகள் கூட்டுறவு அமைத்து யூனிட் 4 ரூபாய் 63 பைசாவுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். மோட்டாரை நிறுத்தினால் காசு வரும் என்றால் தண்ணீரும் மிஞ்சும்.

ஆனால் தமிழ்நாட்டில் 1990-லிருந்து விவசாய மின்சாரம் இலவசம், 20 லட்சத்துக்கும் மேல் இணைப்புகள். இலவச சர்வீஸ் இருப்பவர் தன் பங்காக 40 சதவீதம் போட்டு ஏன் பேனல் வாங்க வேண்டும்? வாரியம் மின்சாரத்துக்குக் கொடுக்கும் விலை கட்டுப்படியானால்தான் பேனல் வாங்குவார். ஆகவே பேனல் விலையில் தள்ளுபடி கொடுப்பதைவிட, விற்கும் யூனிட்டுக்கு நல்ல விலையும் மாதா மாதம் பணமும் கொடுப்பதே மானியமாக இருக்கட்டும். இலவச மின்சாரத்துக்காக அரசு வாரியத்துக்குக் கட்டும் பணத்தில் ஒரு பகுதியை இப்படித் திருப்பலாம்.

ஒரு ஆள் மட்டும் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கொரங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்து ஆடு மேய்ப்பவர். பட்டா அவர் பேரில் இல்லை. பேனலுக்காகக் காட்டுக்காரர் 25 வருட ஒப்பந்தம் போட்டுவிட்டால், பத்திரத்தில் அவர் பேர் எங்கும் இருக்காது. ஆட்டை ஓட்டிக்கொண்டு அவர் காத்தாடி இருக்கும் காட்டைத் தேடிப் போக வேண்டியதுதான்.