ஏற்காடு ‘விநோதச் சுற்றுலா’: வண்டிக்கு நாலு நட்சத்திரம், கதைக்கு ரெண்டு

போன மாதம் என் கல்லூரித் தோழி பாலக்காட்டிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தாள். ‘ஏற்காட்டின் விநோதங்கள், அரை நாள்’ என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் போடும் ஒரு கார்க்காரத் தம்பியைப் பேசிவிட்டேன். ஏழு பேர் உட்காரும் வண்டி, 3,200 ரூபாய், நுழைவுச் சீட்டு தனி. காலை ஏழு மணிக்கு அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் சொன்ன நேரத்துக்கு நின்றார். வண்டி சுத்தம். எட்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மோந்து பார்க்கிற ஆள் நான்; அன்று இருபதும் தாண்டியும் பழம் பைக்குள்ளேயே கிடந்தது. ஓட்டுவதில் குறையே சொல்ல முடியாது.

குறை, சொன்ன கதைகளில்தான்.

மலையேறும் முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமாக் கம்பெனியின் வாசல் வளைவில் நிறுத்தி, “பெரிய பெரிய நடிகருங்க வந்த இடங்க்கா, செல்ஃபி எடுத்துக்குங்க” என்றதோடு சரி. பின்சீட்டில் நாலு மலையாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்! மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938-ல் வெளிவந்தது. அதை எடுத்தது டி.ஆர். சுந்தரத்தின் இதே சேலத்துக் கம்பெனி. நான் சொன்னதும் தோழியின் மாமனார் நம்பாமல் போனில் தேடிப் பார்த்தார். அப்புறம் இறங்கிப் போய் அந்தத் தூணைத் தொட்டுவிட்டு வந்தார்.

சேர்வராயன் கோயில் குகையில், “இந்தச் சுரங்கம் நேரா மைசூர் அரண்மனைக்குப் போகுதுங்க” என்றார். காவிரிக்குப் போகிறது என்பது ஊர் நம்பிக்கை; உள்ளே காவிரியம்மனும் இருக்கிறாள், அதில் ஓர் அழகு உண்டு. அரண்மனை எப்போது வந்து சேர்ந்ததோ! ஆனால் வளைவுக்கு வளைவு வெட்டுப்பட்டு நிற்கும் கரும்பாறையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதன் பெயர் சார்னோகைட். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் கல்லறை இருக்கிறது. அதற்குப் போட்ட கல் சென்னைப் பக்கத்துக் கல். அந்த இனப் பாறைக்கு 1893-ல் ஹாலந்து என்ற புவியியலாளர் கல்லறைக்காரரின் பெயரையே வைத்துவிட்டார். சேர்வராயன் மலையும் பெரும்பாலும் அந்தக் கல்தான். செத்துப்போன வெள்ளைக்காரர் பெயரில் நம்ம மலைக்கல்!

தாவரவியல் தோட்டத்தில் தம்பிக்கு முழு மதிப்பெண். மணி போல ஒலிக்கும் பாறைக்கு நேராகக் கூட்டிப்போனார். தோழியின் மகன் கூழாங்கல்லால் தட்டினான்: ஓரிடத்தில் வெறும் ‘டொக்’, ஒரு முழம் தள்ளி ‘டிங்’. பையன் நகரவே இல்லை. அடுத்து, பூச்சி தின்னும் குடுவைச் செடி. பூச்சி விழுந்ததும் மூடி டப்பென்று மூடிக்கொள்ளும் என்றார். மூடாது. மூடி அசையவே அசையாது; விளிம்பில் வழுக்கி விழுகிற பூச்சி உள்ளே இருக்கும் நீரில் மூழ்கிச் சாகும், அவ்வளவுதான். செடியின் சொந்த ஊர் மேகாலயா.

கடைசியாக லேடீஸ் சீட் என்கிற மலைக்காட்சி முனை. கீழே வெள்ளை வெள்ளையாகத் தெரிந்ததைக் காட்டி, “சுண்ணாம்பு மலைங்க” என்றார். இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் அப்பா மேக்னசைட் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இங்கிலீஷ்காரனும் இதே தப்பைச் செய்து ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டுப் போனான். அது சுண்ணாம்பு இல்லை, மேக்னசைட் என்கிற வெள்ளைக்கல். எஃகு உலையின் உட்சுவருக்குப் போடும் செங்கல் அதில்தான் செய்வார்கள். மேக்னசைட் ஜங்ஷன் என்று ரயில் நிலையமே இருக்கிறதே!

அப்பா கொடுத்த துண்டு ஒன்று என் கைப்பையில் எப்போதும் கிடக்கும். பெஞ்சில் அதை வைத்தேன், பக்கத்தில் காலையில் உரித்த முட்டை ஓடு. எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டிலும் பிழிந்தேன். ஓட்டின் மேல் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்து. கல் சும்மா நனைந்து கிடந்தது. தம்பி குனிந்து காதை வைத்துக்கூடப் பார்த்தார்.

திரும்பும்போது காத்திருப்புக் கட்டணம் என்று 300 ரூபாய் கூடக் கேட்டார். போகிறவர்கள் அதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறங்கும்போது, “அக்கா, அந்தக் கல்லைக் குடுத்தீங்கன்னா அடுத்த ட்ரிப்புல நானே செஞ்சு காட்டுவேன்” என்றார். கல்லைத் தரவில்லை, அது அப்பாவுடையது. மிச்சமிருந்த அரைப் பழத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.