சாம்பல் மூடிக் குழாய்: பிணவறைக்கு எது வாங்கலாம்?

ரத்தம் சேகரிக்கும் குழாய்களில் சாம்பல் நிற மூடி போட்டவை சில உண்டு. மூடியின் நிறம் ஒன்றுதான், ரத்தம் கெடாமலிருக்க உள்ளே போட்ட மருந்தின் அளவு வேறு. சர்க்கரைப் பரிசோதனைக்கான 2 மி.லி. குழாயில் மி.லி.க்கு ஏறத்தாழ 2.5 மி.கி. சோடியம் ஃபுளூரைடு இருக்கும். உயிருள்ளவரின் ரத்தத்துக்கு அது போதும். அழுகத் தொடங்கிய ரத்தத்தில் குடலிலிருந்து பரவிய பாக்டீரியாவையும் கேண்டிடா பூஞ்சையையும் அடக்க அது போதாது. அவை குளுக்கோஸைத் தின்று குழாய்க்குள்ளேயே எத்தனால், அதாவது மதுவில் உள்ள ஆல்கஹால், உண்டாக்கும். குடிக்காதவர் அறிக்கையில் குடித்தவராகிவிடுவார்.

பிணவறைக்கு வாங்க வேண்டியது 100 மி.கி. ஃபுளூரைடும் ரத்தம் உறையாமல் தடுக்கும் 20 மி.கி. பொட்டாசியம் ஆக்சலேட்டும் போட்ட 10 மி.லி. குழாய். நிரப்பினால் ஃபுளூரைடு செறிவு 1 சதவீதம். கோகைன் சிதைவதையும் இது மட்டுப்படுத்துகிறது. பாதி நிரப்பினால் மேலே உள்ள காலி இடத்துக்கு ஆல்கஹால் ஆவியாகப் போகும், இந்த உப்புகளின் செறிவும் கூடும். கழுத்துவரை நிரப்பி, பத்து முறை மெல்லக் கவிழ்த்து, 4 டிகிரியில் வையுங்கள்.

குறை: குழாய்க்குள் இருக்கும் வெற்றிடம் தானாக இழுக்கும் என்று நம்பி ரத்தம் எடுக்க முடியாது, இறந்தவரின் சிரை ஒட்டிக்கொள்ளும். பெரிய ஊசியும் சிரிஞ்சும் வேண்டும். ஏற்கெனவே உறைந்த கட்டியை ஆக்சலேட் கரைக்காது. இதைவிடப் பெரிய குறை, பூச்சிமருந்துச் சாவுகள் அதிகம் வரும் நம் ஊருக்கு: ஃபுளூரைடு கோலினெஸ்டரேஸ் நொதியையே முடக்கும். இதே நொதியை முடக்கும் ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்தின் சந்தேகம் இருந்தால், நொதிச் சோதனைக்கு ஃபுளூரைடு இல்லாத குழாய் ஒன்றைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும்.

எவ்வளவு நல்ல குழாயானாலும் தவறான இடத்து ரத்தத்தைத் திருத்தாது. மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின், இதய நோய்க்கான டிஜாக்சின் போன்ற மருந்துகள் இறந்த பின் இதயத் தசை, நுரையீரல், கல்லீரலிலிருந்து கசிந்து இதய ரத்தத்தில் சேரும். சரியாக மருந்து சாப்பிட்டவரின் இதய ரத்தம்கூட நச்சளவு காட்டலாம். தொடைச் சிரையை இடுப்புப் பக்கம் கட்டிவிட்டு, கட்டுக்குக் கீழிருந்து இழுங்கள். காலைப் பிதுக்க வேண்டாம். அங்கும் அளவு சற்று ஏறியிருக்கலாம் என்பதால், உயிருள்ளவர்களின் பிளாஸ்மாவில் கணித்த சிகிச்சை அளவோடு அப்படியே ஒப்பிட்டு முடிவு எழுதுவது ஆபத்து. கல்லீரல் துண்டும் கண்ணுக்குள் இருக்கும் கூழ் போன்ற விட்ரியஸ் திரவமும் உடன் போகட்டும்.

குழாயோடு வரும் லேபிள் மிகச் சிறியது. எடுத்த இடம், எடுத்த நேரம், இறந்த நேரம் மூன்றையும் எழுத வேறு லேபிள் ஒட்டுங்கள். ‘ரத்தம்’ என்று மட்டும் எழுதி வரும் குழாயிலிருந்து எண் கிடைக்கும், பொருள் கிடைக்காது.