கண்காட்சி அரங்குக்கு மெய்நிகர் சுற்றுலா: 360 படமா, 3டி ஸ்கேனா?

ஒரு கண்காட்சி அரங்கை இணையத்தில் சுற்றிப்பார்க்க வைக்க இன்று மூன்று வழிகள் உண்டு. நின்ற இடத்திலிருந்து எல்லாத் திசையும் தெரியும் 360 டிகிரிப் படங்களை எடுத்து ஒன்றோடொன்று கோப்பது முதலாவது. மேட்டர்போர்ட் போல, பொருள்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்ற ஆழத்தையும் அளக்கும் கேமராவால் இடத்தையே ஸ்கேன் செய்வது இரண்டாவது. யூனிட்டி, அன்ரியல் மாதிரி ஒரு கேம் எஞ்சினில் (வீடியோ கேம்களை உருவாக்கும் மென்பொருளில்) அரங்கைப் புதிதாகக் கட்டுவது மூன்றாவது. நாங்கள் எடுத்தது முதல் வழி, அதனால் இதில் நான் நடுநிலையாளன் இல்லை.

முதல் பார்வைக்கு அசத்துவது ஸ்கேன்தான். கூரையைக் கழற்றிவிட்டதுபோல முழு அரங்கையும் மேலிருந்து பார்க்கலாம், சுவருக்குச் சுவர் எத்தனை அடி என்று அளக்கலாம். கேம் எஞ்சினில் எதையும் செய்யலாம். ஆனால் ஒவ்வொரு பொருளையும் யாராவது உட்கார்ந்து மாடல் செய்தாக வேண்டும். அதில் என் அனுபவம் சின்னச் சோதனை அளவுதான், எனவே அதை இத்தோடு விடுகிறேன்.

கண்ணாடிப் பேழைகள் எல்லா வழியிலும் தலைவலி. 360 படத்தில் கேமராவும் ட்ரைபாடும் கண்ணாடியில் தெரியும். ட்ரைபாடைக் கொஞ்சம் தள்ளி வைத்து, மிச்சத்தைப் படத்தில் அழித்துச் சமாளிக்கலாம். ஸ்கேனில் இது வேறு மாதிரி வரும். ஆழத்தை அளக்க கேமரா அனுப்பும் அகச்சிவப்புக் கதிர் கண்ணாடியை ஊடுருவும், அல்லது பட்டுத் திரும்பும். அதனால் பேழை இருக்கும் இடத்தில் மாடலில் ஓட்டை விழலாம், இல்லாத சுவர் முளைக்கலாம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை, பராமரிப்புதான். அரங்கு மாறிக்கொண்டே இருக்கும். ஓர் ஓவியம் வேறு அரங்குக்குப் போகும், விளக்கப் பலகையில் திருத்தம் வரும், ஒரு மூலையைக் காலி செய்து புதிதாக வைப்பார்கள். 360 சுற்றுலாவில் கேமரா நின்று படமெடுத்த ஒவ்வொரு புள்ளியும் தனிக் கோப்பு. அந்த ஒரு புள்ளியை மட்டும் மறுபடி எடுத்து அதே பெயரில் ஏற்றினால் வேலை முடிந்தது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ட்ரைபாட் அதே இடத்தில், அதே உயரத்தில், அதே திசை பார்த்து நிற்க வேண்டும். 'அடுத்த அறை', 'மேலும் படிக்க' பட்டன்கள் எல்லாம் படத்தில் இத்தனை டிகிரி வலம், இத்தனை டிகிரி மேல் என்றுதான் பதிவாகியிருக்கும். திசை பத்து டிகிரி பிசகினாலும் கதவுக்கான பட்டன் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். தரையில் சின்ன டேப் குறி, உயரத்தையும் தொடக்கத் திசையையும் எழுதிய ஒரு தாள், அது போதும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாறிய ஓவியம் பக்கத்துப் புள்ளிகளிலிருந்தும் தெரியும். தடுப்புச் சுவர்கள் உள்ள அரங்கில் இது பெரிதாகப் படாது. ஒரே திறந்த கூடம் என்றால் மூன்று நான்கு படங்களையாவது மாற்ற வேண்டிவரும். புள்ளிகளைக் குறைவாகவும் யோசித்தும் வைப்பதன் அருமை அப்போது புரியும்.

ஸ்கேனில் புள்ளிகள் நெருக்கமாக இருக்கும், ஒவ்வொன்றும் அக்கம்பக்கத்தோடு பொருந்தி நின்றுதான் மாடல் உருவாகிறது. நடுவில் பேழைகளை இடம் மாற்றிவிட்டால் புது ஸ்கேன் பழையதோடு சேர அடம்பிடிக்கும். மாற்றம் பெரிது என்றால் முழுதாக மறுபடி ஸ்கேன் செய்வதே மேல்.

அப்புறம், கோப்பு யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. ஸ்கேன் பொதுவாக அந்தச் சேவையைத் தரும் நிறுவனத்தின் சர்வரில், சந்தா கட்டும்வரை ஓடும். 3டி மாடல்களைப் பகிரும் 'போலி' (Poly) தளத்தைக் கூகுள் 2021-இல் மூடியது, மெய்நிகர் கூடங்களுக்கான 'ஹப்ஸ்' (Hubs) தளத்தை மொஸில்லா 2024-இல் மூடியது. பெரிய பெயர் இருந்தால் நிலைக்கும் என்று நம்ப முடியாது. 2020 முடிவில், பிரவுசரில் இவற்றை ஓட்டிய ஃபிளாஷ் மென்பொருள் போனபோது பழைய 360 சுற்றுலாக்களும் நின்றுபோயின, உண்மைதான். ஆனால் படங்களை வைத்திருந்தவர்கள் அவற்றைக் காட்டும் பிளேயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். 360 படம் என்பது அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும் சாதாரண ஜேபெக் படக்கோப்புதான். பன்னெல்லம், மார்சிபானோ போன்ற இலவச ஓப்பன் சோர்ஸ் பிளேயர்களில் போட்டு எந்த சர்வரிலும் வைக்கலாம்.

சரி, ஸ்கேனை எப்போது எடுப்பேன்? கலைத்துவிடப்போகும் கண்காட்சியை ஆவணப்படுத்த வேண்டும், அளவுகளும் வேண்டும் என்றால் யோசிக்காமல் எடுப்பேன். அங்கே பராமரிப்பு என்ற பேச்சே இல்லை. கண்ணில் மாட்டும் விஆர் ஹெட்செட்டில் பார்ப்பவர்கள்தான் முக்கியம் என்றால், அங்கேயும் 360 படம் சற்றுச் சோர்வு தரும்: தலையைத் திருப்பலாம், ஆனால் குனிந்து கிட்டே போனால் படம் அசையாது. சுற்றிவந்து பார்க்க வேண்டிய சிற்பத்துக்கும் இதே குறைதான். அந்தச் சிற்பத்தை மட்டும் பல கோணங்களில் படமெடுத்து, 3டி மாடலாக்கி, ஜிஎல்டிஎஃப் (glTF) என்ற 3டி கோப்பாக ஒரு பட்டனுக்குப் பின்னால் வைத்துவிட்டால் போதும். அதற்காக அரங்கு முழுவதையும் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை.