பூட் ஆகாமல் நிற்கும் லினக்ஸ் சர்வர்: கிரப்பா, லைவ் பென்டிரைவா, புது இன்ஸ்டாலா?

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடு வைத்திருப்பவர்களில் பலர் இருப்பது சென்னையிலோ சிங்கப்பூரிலோதான். இரண்டாம் கட்டில் ஒரு அறையில் பழைய டெஸ்க்டாப்பை வைத்து, உபுண்டுவோ டெபியனோ போட்டு, கேமரா பதிவையும் அப்பச்சி ஆச்சி சாந்திக் கல்யாணப் போட்டோக்களையும் அதில் சேர்த்து வைத்திருப்பார்கள். கரண்ட் போய் வந்ததும் அது பாதி பூட்டில் நின்றுவிட்டால் சரிசெய்ய மூன்று வழி இருக்கிறது: லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற பூட் லோடரின் மெனுவில் புகுவது, டிஸ்க்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் லினக்ஸில் (லைவ் பென்டிரைவ்) ஏற்றி உள்ளே போவது, துடைத்துவிட்டுப் புதிதாக இன்ஸ்டால் செய்வது. பலரும் மூன்றாவதில்தான் முதலில் கை வைக்கிறார்கள். அதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

எதைச் செய்வதற்கு முன்னும் ஒரு மானிட்டரை மாட்டி எந்த வரியில் நிற்கிறது என்று பாருங்கள். "ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்" என்று வந்து பக்கத்தில் விநாடி ஓடிக்கொண்டிருந்தால் மெஷின் தொங்கவில்லை, காத்திருக்கிறது. வராத டிஸ்க்குக்காக, பூட்டில் சர்வீஸ்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருக்கும். நெட்வொர்க் வர வேண்டும் என்று நிற்கும் சர்வீஸ் 2 நிமிடம் வரை எடுக்கும். ரவுட்டர் சர்வரைவிட மெதுவாக எழுந்தால்கூட இது நடக்கும். ஐந்து நிமிடமாவது பொறுக்காமல் பவர் பட்டனை அமுக்கினால், நன்றாக இருந்த ஃபைல் சிஸ்டமும் கெடலாம்.

டிஸ்க்குக்காக நிற்கிறது என்றால் கிரப் வழிதான் சரி. ஆன் செய்ததும் பழைய பயாஸ் மெஷினில் ஷிஃப்ட், புதிய யுஇஎஃப்ஐ மெஷினில் எஸ்கேப் அமுக்கினால் மெனு வரும். அதில் 'இ' எழுத்தை அமுக்கி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசிக்குப் போய், பூட் செய்திகளை மறைக்கும் குவையட், ஸ்பிளாஷ் இரண்டையும் எடுத்துவிட்டு, எமர்ஜென்சி டார்கெட்டில் (ரிப்பேருக்கான குறைந்தபட்ச நிலை) ஏறச் சொல்லி கன்ட்ரோல் எக்ஸ் அமுக்குங்கள். இங்கே செய்யும் மாற்றம் அந்த ஒரு பூட்டுக்கு மட்டும்தான், டிஸ்க்கில் எதுவும் எழுதப்படாது. அதனால்தான் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் "அண்ணே, கீழ் அம்பை அமுக்கிக்கிட்டே வாங்க, லினக்ஸுன்னு தொடங்குற வரி வந்ததும் எண்ட் கீயை அமுக்குங்க" என்று போனிலேயே தைரியமாகச் சொல்லலாம். தப்பாக அடித்தாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும். உள்ளே போனதும் ரூட் பார்ட்டிஷனை எழுதும்படி ரீமவுண்ட் செய்து, எந்த டிஸ்க்கை எங்கே மாட்டுவது என்ற பட்டியலான எஃப்எஸ்டேப் ஃபைலில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் வரியில் நோஃபெயில் சேர்த்து, டிவைஸ் டைம்அவுட்டை 10 விநாடி ஆக்கிவிட்டால் அடுத்த முறை அந்த டிஸ்க் வராவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும்.

இதற்கும் ஒரு எல்லை உண்டு. டெபியன் போடும்போது ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டிருந்தால், ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லி எமர்ஜென்சி மோடு உள்ளே விடாது. அப்போது முதலில் ஓடும் புரோகிராமாக (இனிட்) பாஷ் ஷெல்லையே கிரப்பில் கொடுத்து நுழையலாம். கிரப்பே வரவில்லை என்றால் இந்த வழி அடைபட்டுவிட்டது.

லைவ் பென்டிரைவின் பலம் வேறு. சர்வரின் டிஸ்க் எதுவும் மவுண்ட் ஆகாமல் இருப்பதால் ஃபைல் சிஸ்டத்தைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகேயை நிம்மதியாக ஓட்டலாம், ஸ்மார்ட் சோதனையில் டிஸ்க் சாகிறதா என்று பார்க்கலாம், முதல் வேலையாகப் போட்டோக்களை வெளியே காப்பி எடுக்கலாம். பூட் பார்ட்டிஷன் நிரம்பி கெர்னல் அப்டேட் பாதியில் நின்றிருந்தால், டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் செய்து சிஹெச்ரூட் வழியாக சர்வரின் சிஸ்டத்துக்குள்ளேயே போய், இடம் உண்டாக்கி, பூட்டின் தொடக்கத்தில் கெர்னலுக்கு வேண்டிய இனிட்ராம்எஃப்எஸ் ஃபைலைத் திரும்ப உருவாக்குவதும் இங்கிருந்துதான் சுலபம். ஆனால் பயாஸில் பூட் வரிசையை மாற்றுவது, மவுண்ட் செய்வது எல்லாம் பழக்கமில்லாதவரைப் போனில் வைத்துச் செய்யும் வேலை இல்லை. தெரிந்தவர் ஒருவர் நேரில் போக வேண்டும். பென்டிரைவை இப்போதே தயார் செய்து, ஒரு தடவை அதில் பூட் செய்து பார்த்து, சர்வர் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.

புது இன்ஸ்டால், டிஸ்க் செத்து மாற்றும்போது மட்டும் போதும். அவசரத்தில் பார்ட்டிஷன் மாற்றித் தேர்ந்தெடுத்தால் போட்டோ மொத்தமும் போய்விடும். அதைவிட, ஏன் நின்றது என்பதே தெரியாமல் போகும். அதே யுஎஸ்பி டிஸ்க்கை நோஃபெயில் இல்லாமல் திரும்ப எஃப்எஸ்டேப்பில் எழுதினால், அடுத்த பவர்கட்டில் சர்வர் அதே இடத்தில்தான் நிற்கும்.